கிளியர் நைனாவின் மூக்கு

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும், வாடிக்கையாளரை முகர்ந்து பார்த்து உள்ளே விட்ட ஒரே மனிதர் எங்கள் கிளியர் நைனாதான். போலீஸ் நாய் திருடனைத்தான் பிடிக்கும். நைனா தலைக்கு எண்ணெய் வைத்தவனையெல்லாம் பிடிப்பார்.

எர்ணாவூரில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை, காருக்குப் பெயின்ட் அடிக்கிற தொழில். நிறம் அடித்த பிறகு அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு அடிப்பார்களே, அதுதான் கிளியர். வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்குவது அதுதான். அது காய்வதற்குள் துளி எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலும் பூச்சு விலகிக் குட்டிக் குட்டிக் குழியாகிவிடும். ஆகவே தலைக்கு எண்ணெய், சென்ட், ஊதுவத்தி எதற்கும் அங்கே அனுமதி கிடையாது. சென்ட்டில் குளித்துவிட்டுத் தன் காரைப் பார்க்க வந்த ஒரு புது மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர்க் குழாயைக் காட்டினார். மாப்பிள்ளை முனகிக்கொண்டே கழுத்தைக் கழுவினார்.

என் சிவப்புக் காரும் அவரிடம் மாட்டியது. கடையில் டப்பாவில் விற்கிறதே, அழுத்தினால் பீய்ச்சுமே, அந்தக் கிளியரை அடித்தால் என்ன என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அது மூஞ்சிக்குப் பவுடர் போடற மாரி சார். கெட்டியாவறதுக்கு ஹார்டனர் கலந்து அடிச்சாத்தான் இந்த ஊர் காத்துக்கு நிக்கும்" என்றார்.

அதையும் சட்டென்று அடித்துவிட மாட்டார். முதல் கை, அதாவது முதல் பூச்சு, லேசாக. பிறகு உட்கார்ந்துவிடுவார். ஓரத்து மறைப்புக் காகிதத்தில் விரலை வைத்துப் பார்த்து, ஈரம் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் இருந்தால்தான் இரண்டாவது கை. அவசரப்பட்டால் உள்ளே அடைபட்ட ஈரம் கொப்புளமாகக் கிளம்பிவிடுமாம்.

இத்தனை பொறுமை பெண்டாட்டி விஷயத்தில் இல்லாமல் போயிற்று. தேசம்மா அக்கா கொட்டகைக்குப் பக்கத்திலேயே சாயங்காலம் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்தப் புகையில் யாருடைய கார் பானெட்டோ பாழாகிவிட்டது. அடுப்பு வேண்டுமா, நான் வேண்டுமா என்று நைனா எகிறினார். அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் "அடுப்பு" என்று சொல்லிவிட்டு, தவாவைத் தூக்கிக்கொண்டு நெட்டுக்குப்பத்திலுள்ள அம்மா வீட்டுக்குப் போய், அங்கே கடை போட்டுவிட்டார்.

அதன் பிறகு நைனா அடித்த கிளியரில் முகம் பார்த்துத் தலை வாரலாம். நைனாவின் முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. சாயங்காலமானால் வாசலில் நின்று நெட்டுக்குப்பம் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டிருப்பார். நான் அகப்பட்டால், "அங்க துன்னுட்டு வரியா சார்?" என்று கிட்டே வந்து இன்னொரு முறை முகர்வார். மசாலாவில் பூண்டு தூக்கலா, கூட்டம் நிற்கிறதா, அக்கா இளைத்துவிட்டாரா என்று விசாரணை நடக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எண்ணெய் நாற்றம், போய்க் குளித்துவிட்டு வா என்று துரத்திவிடுவார். நேரில் போய்க் கூப்பிட வேண்டியதுதானே என்றால், "இன்னான்னு போய் நிக்கறது சார்?" என்று பெயின்ட் கன்னைத் துடைக்க ஆரம்பிப்பார். எனக்கே பாவமாக இருக்கும்.

காற்று சரியில்லை, ஈரம் சரியில்லை என்று இழுத்தடித்து, ஒருவழியாக என் காருக்கு நாள் குறித்தார். முதல் கை முடிந்து காத்திருந்தோம். அப்போது ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி வாசலில் வந்து நின்றது. மிதித்து வந்தவர் தேசம்மா அக்கா. வண்டி முழுக்கத் துரு.

"உப்புக்காத்து துன்னுடுச்சு. பெயின்ட் அடிச்சுக் குடு" என்றார், நைனாவைப் பார்க்காமல்.

வியாபார நேரம் என்று சொல்லி அங்கேயே அடுப்பைப் பற்றவைத்து வஞ்சிரத்தைப் போட்டார். கடல்காற்று புகையை நேராக என் பானெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள் நைனா என்று கெஞ்சினேன். அவர் முகமூடியைக் கழற்றி, மூச்சை ஆழமாக இழுத்தார். பிறகு என் காதோரம் வந்தார்.

"அணைக்கச் சொன்னா பூடுவா சார். உன் வண்டிக்கு இன்னொரு வாட்டி அடிச்சுக்கலாம்."

வேலையை நிறுத்தினாலும் அக்கா புரிந்துகொண்டு கிளம்பிவிடுவாராம். அதனால் அந்தப் புகையிலேயே இரண்டாவது கையையும் அடித்தார், படுபாவி. என் கண் முன்னாலேயே பானெட்டில் குழி குழியாக விழுந்தது.

"பூண்டு கம்மி பண்ட்டியா?" என்றார் அக்காவிடம். அக்கா ஒரு துண்டை இலையில் வைத்து நீட்டினார்.

அந்த மீன்பாடி வண்டிக்குக் கிளியர் அடிக்க நைனாவுக்கு எந்த நாளும் தோதுப்படவில்லை. ஒருவழியாக அடித்து முடித்தபோது, அக்காவின் சேலைகள் பழையபடி நைனா வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

என் பானெட்டைத் திருப்பி அடித்துத் தருவதாக நைனா எத்தனையோ முறை கூப்பிட்டார். நான்தான் போகவில்லை. போன வருஷம் அவர் காலமாகிவிட்டார். அக்கா இன்னமும் அதே வண்டியில்தான் மீன் வறுக்கிறார். வண்டி இன்னமும் மின்னுகிறது. நான் மாத்தூருக்குக் குடிவந்துவிட்டேன். என் பானெட்டைப் பார்த்து, எவன் சார் இப்படி அடித்தான், தேய்த்து எடுத்துவிடலாமா என்று இங்கிருக்கும் பெயின்டர் கேட்டார். கையை எடுய்யா என்று சொல்லிவிட்டேன்.

அக்காவிடம் வறுவல் சாப்பிட்டுத் திரும்பும்போதெல்லாம் என் சட்டையை நானே ஒருமுறை முகர்ந்துகொள்கிறேன். வாசலில் நிறுத்தி, "போய் குளிச்சுட்டு வா சார்" என்று துரத்த நைனா இல்லையே என்றிருக்கிறது.