ஜெயவேலுவின் குற்றால சீசன்

இந்த ஆடிக்குக் குற்றாலம் போயே தீருவது, அதுவும் பெண்டாட்டி இல்லாமல் போவது என்று மாடம்பாக்கம் ஜெயவேலு சபதம் செய்தார். மனசுக்குள்தான். வாய்விட்டுச் செய்கிற அளவுக்கு அந்த வீட்டில் அவருக்குச் செல்வாக்கு இல்லை.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். மனுஷன் பார்த்த ஊரெல்லாம் மாமியார் ஊர், மச்சினன் ஊர், அதை விட்டால் புதிதாகத் திறந்த வண்டலூர் மிருகக்காட்சி சாலை. அங்கேகூடப் பெண்டாட்டி சாமுண்டீஸ்வரி, “கூண்டாண்ட போவாதீங்க, தப்பிச்சி வந்ததுன்னு உள்ள தள்ளிடப் போறான்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சேலையூரில் அவருக்கு சிமெண்டுக் கடை. பக்கத்து மரக்கடை குப்புராஜ் உயிர் நண்பன். சொந்தமாக வேன் வைத்திருக்கும் அந்தோணிசாமி இன்னோர் உயிர். மூவரும் சேர்ந்து ஞாயிறு சாயங்காலம் புறப்படுவது என்று முடிவு செய்தார்கள். சீட்டுக்கட்டு தயார். பாட்டு கேசட் தயார். அருவியில் தலையைக் கொடுத்தால் பதினாறு வருஷத்துப் பேச்சும் காதிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும் என்று ஜெயவேலுவுக்கு ஒரு நம்பிக்கை. பாவம், வேறென்ன கேட்டார் அவர்?

ஆனால் குப்புராஜுக்கு வாயில் பூட்டு கிடையாது. தன் பெண்டாட்டி சரசுவிடம் உளறிவிட்டான். அடுத்த நாள் தட்டில் சோறு விழுவதற்கு முன்னால் கேள்வி விழுந்தது.

“இன்னாங்க, குத்தாலம் போறீங்களாமே?”

“யாரு சொன்னா?”

“சரசு. நான் வந்தா அவளும் வர்றாளாம். எனக்கு ஜன்னலோர சீட்டு.”

“வேன்ல எடம் இல்ல சாமுண்டி.”

“பத்துப் பேரு போற வேன்ல மூணு பேரு போறீங்க. படுத்துக்கினா போறீங்க?”

ஜெயவேலு மோரை ஊற்றிக்கொண்டு யோசித்தார். சாமுண்டி வராவிட்டால் சரசு வரமாட்டாள். ஆக, அடைக்கவேண்டியது ஒரே வாசல்தான். எதனால் அடைப்பது? ராத்திரியெல்லாம் புரண்டதில் விடிகாலை பளிச்சென்று ஒரு யோசனை வந்தது.

அந்த ஞாயிறு ஊர் அம்மன் கோயிலில் காப்புக் கட்டு. வேண்டிக்கொண்டவர்கள் கையில் மஞ்சள் கயிறும் வேப்பிலையும் கட்டுவார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மீறினால் அம்மன் சும்மா விடமாட்டாள். அதைவிட, கோயில் பெரியவர் துளசிங்கம் சும்மா விடமாட்டார்.

ஜெயவேலு ஓடினார். “மாமா, இந்த வருசம் எங்க வூட்டு சார்பா சாமுண்டி காப்பு கட்றா. வேண்டுதல்.”

“ஒருவாட்டி வாக்கு குடுத்தா, வுடாம மூணு வருசம் அந்த வூடு கட்டணும். தெரியுமில்ல?”

மூணு வருஷமா! ஜெயவேலுவின் கண்ணில் குற்றாலம், ஊட்டி, கொடைக்கானல் மூன்றும் வரிசையாக வந்து நின்றன.

“கட்டட்டும் மாமா. பக்திதான முக்கியம்?”

விஷயத்தை வீட்டில் சொன்னபோது சாமுண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, “ஆத்தா காரியம். சரிங்க” என்றாள்.

சாமுண்டி! சரிங்க! இந்த இரண்டையும் அவர் சேர்த்துக் கேட்டதே கிடையாது. மனுஷனுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. சந்தோஷமாகப் போய்ப் புதுத் துண்டு ஒன்று வாங்கி வந்தார்.

ஞாயிறு காலை. பம்பை முழங்குகிறது. ஊரே கூடியிருக்கிறது. சாமுண்டி மட்டும் கோயிலுக்குள் வராமல் தெருவிலேயே சரசுவோடு நின்றாள்.

“ஜெயவேலு வூட்ல யாரு? வாம்மா!” என்றார் துளசிங்கம்.

சாமுண்டி சரசு காதில் ஏதோ சொன்னாள். சரசு துளசிங்கத்தின் சம்சாரம் காதில் சொன்னாள். அந்த அம்மாவுக்கு ரகசியம் பேசத் தெரியாது.

“அந்தப் பொண்ணு வூட்டுக்கு விலக்காம்! எப்டி உள்ள வரும்?”

ஜெயவேலுவுக்குப் பகீரென்றது. “அதெப்படி மாமா? அவ போன வாரந்தான...”

பம்பைக்காரர் நிறுத்திவிட்டார். ஊர் மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அதற்குமேல் ஒரு மானஸ்தன் என்ன பேசுவான்? வாயை மூடிக்கொண்டார்.

“வாக்கு குடுத்தது வூடு. வூட்ல ஆம்பள கீறான் இல்ல? நீட்டுய்யா கைய!”

“மாமா, எனக்கு சாயங்காலம் வேன்...”

“ஆத்தாளுக்கு வேனா முக்கியம்?”

கயிறு ஏறிவிட்டது. ஜெயவேலுவுக்கு அழுகையே வந்தது. பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்திலிருந்தவர் விபூதி பூசினார்.

அதோடு விட்டாரா துளசிங்கம்? “காப்பு கட்டின வூட்ல விலக்கானவங்க தங்கக் கூடாது. சம்சாரத்த எங்கனா வெளியூர் அனுப்பிடு.”

தெருவிலிருந்து சாமுண்டியின் குரல் அடக்கமாக வந்தது. “எங்க போறது மாமா? இவரு சீட்டு ஒண்ணு காலியாத்தான் கீது...”

சாயங்காலம் வேன் வந்தது. அந்தோணிசாமி ஓட்ட, குப்புராஜ் சரசுவுக்கும் தூக்குச் சட்டிகளுக்கும் நடுவில் இடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “மச்சான், நீயாவது தப்பிச்ச” என்றான். ஜெயவேலுவுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. எல்லைக்கல் வரைக்கும் வேனோடு நடந்தார். அதற்குமேல் கால் போகக் கூடாது.

ஜன்னலோரத்தில் சாமுண்டி. தோளில் அவருடைய புதுத் துண்டு. தலை நிறைய மல்லிகை.

விலக்கான பெண் பூ வைக்கமாட்டாளே!

“சாமுண்டி! பூ வெச்சிகினு கீற! அப்ப, கோயில்ல சொன்னது பொய்யா? ஆத்தா சும்மா வுடுவாளா?”

“அவளும் பொம்பளதாங்க. பதினாறு வருசமா நானும் எங்கியும் போவலன்னு அவளுக்குத் தெரியும்.”

வேன் நகர்ந்தது. சாமுண்டி தலையை வெளியே நீட்டினாள்.

“காப்ப அவுத்துடாதீங்க. மூணு வருசம்னு நீங்கதான வாக்கு குடுத்தீங்க? அடுத்த ஆடிக்கு நாங்க ஊட்டி!”