முட்டைச் சுற்றறிக்கை

ஒரு வினைச்சொல்லை அவித்து, தோலுரித்து, ஆளுக்கு ஒன்றாகப் பரிமாறிய அலுவலகம் உலக நிர்வாக வரலாற்றில் எங்களுடையது ஒன்றுதான். இந்தப் பெருமையில் எனக்கும் சிறு பங்கு உண்டு என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தலைமையகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது: மேலாளர்கள் தம் ஊழியர்களை ‘எக் ஆன்’ செய்ய வேண்டும். எங்கள் மேலாளர் அதை மூன்று முறை படித்தார். கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போட்டார். மாலையில் தீர்மானம் வெளியானது. தினமும் பதினோரு மணிக்கு ஊழியர் ஒவ்வொருவரின் மேசை ‘மீதும்’ அவித்த முட்டை ஒன்று வைக்கப்படும். ‘ஆன்’ என்ற சொல்லைக்கூட அவர் வீணாக்கவில்லை.

தபால் பிரிவில் ஒரு அண்ணன் இருந்தார். இழுப்பறையில் தடித்த ஆங்கில அகராதி வைத்திருந்ததால் அவருக்குப் பெயரே ‘அகராதி’. அவர் மனைவிக்கு வாரம் இருமுறை சிகிச்சை; ஆஸ்பத்திரி எங்களுக்கு எதிர்ச்சாரியில்தான்.

மூன்றாம் நாள் முட்டையை உரித்தபடியே என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, இதுக்கும் முட்டைக்கும் சம்பந்தமே இல்ல. எக் ஆன்னா தூண்டிவிடுறது. வடக்குக் கடல் பக்கத்துப் பழைய மொழி ஒண்ணுல கத்தியோட கூருக்கு அந்தப் பேரு. முதுகுல கூரா எதையாவது வச்சா ஆள் முன்னால நகருவான்ல?”

“நாம கொம்பு சீவி விடுறதுன்னு சொல்றோமே, அது மாதிரியாண்ணே?”

“அதேதான். சரி விடு. முட்டை உடம்புக்கு நல்லது, சாப்பிடு.”

அவர் விட்டுவிட்டார். நாங்கள் விடவில்லை. இதைக் கேட்டதும் மேலாளரின் முகம் போகிற போக்கைப் பார்க்கப் பதினொரு பேருக்கும் ஆசை.

“நீங்க சொன்னாத்தாண்ணே எடுபடும்” என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

“எதுக்கும்மா வம்பு? எதிர்ல ஆஸ்பத்திரி இருக்கிறதாலதான் என் பொழப்பு ஓடுது.”

“நாங்க எல்லாரும் பின்னாடியே வர்றோம்ணே” என்றேன் நான். “உங்க படிப்புக்கு ஒரு மரியாதை வேணாமா?”

அந்தக் கேள்வி வேலை செய்தது. காலரைச் சரிசெய்துகொண்டு, அகராதியைக் கக்கத்தில் இடுக்கி மேலாளர் அறைக்குள் போனார். சொன்ன சொல் தவறாமல் நாங்களும் பின்னால் போனோம், குடிதண்ணீர் மெஷின் வரைக்கும். கண்ணாடித் தடுப்பு வழியாகத் தெரிந்தது: பக்கத்தைப் புரட்டிக் காட்டினார், பேசினார், ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பதினொரு பேருக்கும் அப்போதுதான் தாகம் எடுத்திருந்தது.

உள்ளேயிருந்து மேலாளரின் குரல் மட்டும் கேட்டது.

“உங்களுக்கு அகராதி கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் போச்சு.”

மறுநாளே குறிப்பாணை வந்தது: ‘உயர் அலுவலரிடம் அகராதித்தனமாக நடந்துகொண்டமை.’ விசாரணை முறைப்படி, எங்கள் அனைவரின் முன்னிலையில் நடந்தது. மேலாளர் நியாயமான மனிதர். தப்பிக்க ஒரு வழி வைத்தார்.

“உங்களை யார் தூண்டிவிட்டது? பேரைச் சொல்லுங்க, இதோட விட்டுடறேன்.”

அண்ணன் எங்களை வரிசையாகப் பார்த்தார். என்னிடம் சற்று நேரம் நின்ற பார்வை மேசைக்குத் திரும்பியது.

“யாரும் இல்ல சார். நானாத்தான் வந்தேன்.”

அவர் அங்கே சொன்ன ஒரே பொய் அது. அதை மட்டும் உண்மையென்று ஏற்று, பதினொரு பேரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டோம். வாசகத்தை அழகு தமிழில் அமைத்துக் கொடுத்தவன் அடியேன்.

எட்டு மணி நேரப் பயணத் தூரத்திலுள்ள கிளைக்கு அவரை மாற்றினார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் முதலாவதாக இருந்த அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்கள். இரண்டாவது பெயர் யாருடையது என்று விசாரணையில் யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.