பச்சையம்மாவை உருவிய கைகள்

திண்டுக்கல் நாகல் நகரில் அரை டஜன் வீட்டுக் குழம்பு தெருக்கோடி வரைக்கும் மணத்ததற்கு ஒரே காரணமான மனிதருக்குச் சுடுதண்ணீர்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாது. நம்பவில்லையா? போங்கள். அவர் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு உயிரோடு இருப்பவள் நான்.

அவர் பெயர் பூச்சியார். சொந்தப் பெயர் என்னவென்று அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லமாட்டார்கள், பூச்சி என்பார்கள். இவர் வீட்டிலோ ராத்திரியும் பூச்சி, பகலிலும் பூச்சி. ஆகவே பூச்சியார்.

ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி நான் நாகல் நகரில் ஒரு காம்பவுண்டுக்குக் குடிவந்தபோது, வரிசையில் கடைசி வீடு அவருடையது. ஒண்டிக்கட்டை. புகையிலைக் கிட்டங்கியில் இலை தரம் பிரிக்கிற உத்தியோகம். வேலை விட்டு வந்ததும் சீயக்காய் தேய்த்து ஒரு குளியல் போடுவார் பாருங்கள், கிணற்றுக்கே வயிறு எரியும். திண்டுக்கல்லில் தண்ணீரை அப்படிச் செலவழித்தால் கொலைகூட விழும். கேட்டால், "பொகையில வாட பட்டா அதுகளுக்கு ஆகாதுத்தா" என்பார். நாங்கள் முகம் கழுவத் தண்ணீர் இல்லாமல் நின்றது யாருக்கும் ஆகலாம்போல.

பாம்பு வளர்ப்பவர் என்றதும் மகுடி, கூடை, நாகம் என்று கற்பனையை ஓட்டாதீர்கள். நாகத்தை அவர் மதிப்பதே இல்லை. "அது ஊர்ப் பெரிய மனுசன்த்தா. கும்புட ஆளு நெறைய இருக்கு. நம்ம எதுக்கு?" என்பார். சிறுமலையிலிருந்து குதிரை மேல் வாழைத்தார் இறங்கும்போது தாரோடு தாராக ஏதாவது சின்ன ஜீவன் இறங்கிவிட்டால், வியாபாரிகள் அலறிக்கொண்டு இவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். இவரும் சம்பந்தியை அழைக்கப் போகிறவர் மாதிரி துவைத்த துண்டோடு கிளம்புவார்.

அப்படி வந்தவர்தான் சிறுமலையார். மண்ணுக்குள் வாழ்கிற சின்னப் பாம்பு. ஒரு சாண் நீளம், பெருவிரல் தண்டி, கறுப்பு உடம்பில் மஞ்சள் பொட்டு. வால் அரிவாளால் சாய்த்துச் சீவியது போல இருக்கும். ஈரமண் போட்ட பானைக்குள் மண்புழு தின்றுகொண்டு மாதக்கணக்கில் வெளியே தலைகாட்டமாட்டார். காட்டினாலும் அது தலையா வாலா என்று எங்களுக்கு விளங்காது. பூச்சியார் மட்டும் பானைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

"என்னண்ணே பாக்குறீங்க? வெறும் மண்ணாவுல்ல இருக்கு?"

"உள்ள இருக்காருல்லத்தா" என்பார். பக்தி என்றால் அது பக்தி.

இன்னொருத்தி பச்சையம்மா. கொசுவலை அடித்த மரப்பெட்டிக்குள் கறிவேப்பிலைக் கொப்பில் தொங்குகிற ஒல்லிப் பச்சைப்பாம்பு. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். அதே பாம்பைத் தலையிலிருந்து வால்வரை ஒரு தடவை உருவிவிட்ட பெண்ணுக்குக் கைப்பக்குவம் வந்துவிடும், அவள் சுடுதண்ணீர் வைத்தாலும் மணக்கும் என்பதும் தெரியும். கண்ணும் வேண்டும், கைப்பக்குவமும் வேண்டும் என்றால் என்ன செய்வது? ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் உருவவேண்டியதுதான். காம்பவுண்டுப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் உருவினார்கள்.

எனக்கு அது அவசரமாகவே தேவைப்பட்டது. என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு என் புருஷன் ஒரு குறையும் சொல்லமாட்டார். கைகழுவிவிட்டு வெளியே போய் ஓட்டலில் ஒரு தோசை சாப்பிட்டு வருவார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனேன். வெள்ளிக்கிழமை மட்டும்தான் பூச்சியார் அனுமதிப்பார்.

"கண்ண நல்லாப் பொத்திக்கத்தா. வெரலு இடுக்குல பாக்கப்படாது. பாத்தா நான் பொறுப்பில்ல" என்றார்.

பொத்தினேன். கையில் என்னவோ சில்லென்று, நீளமாக, மெத்தென்று. "முருகா!" என்று ஓர் உருவு. ஓடிவந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் பூச்சியார் தான் செய்த புடலங்காய்க் கூட்டை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். வெள்ளிக்கிழமை என்றால் அவர் வீட்டில் புடலங்காய்தான். காய் வெந்திருக்காது, பருப்பு கரிந்திருக்கும்.

"தெனம் பாம்பத் தொடுறீங்க, ஒங்களுக்கு ஏண்ணே கைப்பக்குவம் வரல?"

"அது பொம்பளையாளுகளுக்கு மட்டுந்தான்த்தா" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஆனால் ஒன்று, என் குழம்பு திருந்திவிட்டது. ஓட்டல் தோசை நின்றது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வினை பல்லி ரூபத்தில் வந்தது. பச்சையம்மாவுக்கு ஆகாரம் பல்லி. எங்கள் காம்பவுண்டின் சொந்தக்காரர் ரிட்டயர்ட் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. என்போம். பல்லி நல்ல திசையில் சொல்லாமல் அவர் படி இறங்கமாட்டார். பூச்சியாரோ சுவர் சுவராகத் தடவி காம்பவுண்டில் ஒரு பல்லி விடாமல் பிடித்துப் போட்டுவிட்டார். ஆர்.ஐ. தன் அக்காள் மகள் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், நிற்கிறார், உத்தரவே வரவில்லை. முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் ஆசீர்வாதம் வாங்க இவரைத் தேடி வந்தபோதும் மனிதர் அதே படியில் நின்றுகொண்டிருந்தார்.

விஷயம் வெளியே வந்ததும் ஆர்.ஐ. குதித்தார். "ஏய்யா, வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள அதுகள அடிச்சுப் பொதச்சுட்டு இரு. இல்லையா, சட்டிபானையத் தூக்கிட்டுக் கெளம்பு!"

பூச்சியார் துண்டைப் போட்டுக்கொண்டு வீடு தேடி அலைந்தார். பாம்போடு வருகிறவருக்கு எவன் வீடு கொடுப்பான்? வியாழக்கிழமை சாயங்காலம் பூச்சியார், சிறுமலையாரின் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

"மலையில கொண்டுபோயி விட்டுரலாம்லண்ணே?" என்றேன்.

"சிறுமலையார் பொழச்சுக்கிருவாரு. பச்சையம்மாவுக்கு ஒரு கண்ணு கெடையாதுத்தா. எவனோ கம்பால போட்டதுல போயிருச்சு. அங்க போயி எதப் பாத்துப் பிடிச்சுத் திங்கும்?" பானையை மெல்ல இறக்கி வைத்தார். "பெருசுக்குக் கோயிலு கட்டுறீங்க. சின்னதக் கண்டா கம்பத் தூக்குறீங்க."

கண்ணைக் கொத்துகிற பாம்பு என்று நாங்கள் பொத்திக்கொண்டு நின்றோமே, அதற்கா ஒரு கண் இல்லை!

வெள்ளிக்கிழமை ஆர்.ஐ. கம்போடு இரண்டு ஆட்களைக் கூட்டி வந்துவிட்டார். பூச்சியார் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது ஆர்.ஐ.யின் சம்சாரம் கையில் கரண்டியோடு வந்து நடுவில் நின்றாள்.

"ஏங்க, ஆறு மாசமா கொழம்பு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் திங்குறீங்களே, அது எப்படின்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

"எப்படி?"

"அந்தாத் தொங்குறாளே, அவளால! போன தை மாசம் நானே வந்து உருவிட்டுப் போனேன்."

"என்னடி சொல்ற! அந்தாளு தெனம் தொடுறான், அவன் வைக்கிறத நாயி மோந்து பாக்காதே!"

"அது பொம்பளையாளுகளுக்கு மட்டுந்தான்" என்று நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

"அடிக்கணும்னா அடிங்க" என்றாள் அந்த அம்மாள். "அவ போனா கைப்பக்குவமும் போயிரும். நாளையிலருந்து பழைய கொழம்புதான்."

ஆர்.ஐ. முகத்தில் அந்தப் பழைய குழம்பு வந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். கம்புகள் இறங்கின. இனிமேல் காம்பவுண்டுப் பல்லியைத் தொடக்கூடாது, வேண்டுமானால் அடுத்த தெருவில் பிடித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த தெருக்காரர்களின் சகுனம் எக்கேடு கெட்டால் எங்களுக்கென்ன?

சில வருஷம் கழித்து என் புருஷனுக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று சொல்லிக்கொள்ளப் போனேன்.

"அண்ணே, கடைசியா ஒரு தடவ கண்ணத் தொறந்துக்கிட்டே உருவிட்டுப் போறேன்."

பூச்சியார் நெளிந்தார். "கோவிச்சுக்கிறாதத்தா. நீங்க யாரும் அவளத் தொட்டதே இல்ல."

"அப்ப நான் உருவுனது?"

"பிஞ்சுப் பொடலங்கா. தண்ணியில ஊறப்போட்டு வச்சது. ஒத்தக் கண்ணு ஜீவன், இம்புட்டுப் பேரு உருவுனாத் தாங்குமா? ஆசையா வர்றீங்க, இல்லைன்னு சொல்லவும் மனசு வரல."

"ஆர்.ஐ. அம்மாவுக்குமா?"

"அன்னைக்கு மார்க்கெட்ல பிஞ்சு கெடைக்கல" என்றார் வருத்தத்தோடு. "கொஞ்சம் முத்துனதுதான்."

வண்டி ஏறுகிறவரைக்கும் சிரித்தேன். ஏறிய பிறகு என்னவோ அழுகை வந்துவிட்டது. இதுவரை ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

இன்றைக்கும் புடலங்காய் வாங்கினால், சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, தலையிலிருந்து வால்வரை ஒரு தடவை உருவிவிட்டுத்தான் அரிவாள்மணையில் வைக்கிறேன். கையில் சில்லென்று பட்டதும் முன்பெல்லாம் "முருகா" என்று வரும். இப்போது "அண்ணே" என்றுதான் வருகிறது.