குடிப்பது கணக்கில் வராது

பாகூர் கொம்யூனில் பட்டினி கிடந்தே பருத்தவர் ஒருவர்தான். எங்கள் கலோரியார்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், பஞ்சாயத்து மாதிரியான அந்தக் கொம்யூன் ஆபீசில் ஏரிப்பாசனம் பார்த்த குமாஸ்தா அவர். நான் எதிர்மேசைக்காரன். ஏரிக்கரையில் நடந்து மதகுகளைப் பார்ப்பது அவர் உத்தியோகம். முதல் மதகிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவார். மற்ற மதகுகளை அங்கிருந்தபடியே நெற்றியில் கையை வைத்துப் பார்ப்பார்.

ஒருநாள் புதுச்சேரி ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். "சாப்பிடுவதில் கலோரியை எண்ணு. சித்திரைக்குள் உடம்பு குறையாவிட்டால் வேலைக்குத் தகுதி என்று கையெழுத்துப் போடமாட்டேன். உன் இதயமும் போடாது" என்றார் பிரெஞ்சில்.

மறுநாளே நம்மவர் கரும்பாலைக்குப் போனார். வெல்லம் நிறுக்கும் பெரிய தராசில் ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்தார். எதிர்த்தட்டில் வெல்ல மூட்டைகளை அடுக்கி எடை பார்த்தார்கள். பிறகு தட்டாரிடம் பொன் நிறுக்கும் சின்னத் தராசு ஒன்றை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் சோற்றுக்குப் பொன்னின் மதிப்பு வந்துவிட்டது.

"இட்லியில ஒரு ஓரத்தைக் கிள்ளுடி, முள்ளு சாயுது!" என்பார். அவர் மனைவி கிள்ளுவார். "ஐயோ, ரொம்பக் கிள்ளிட்டே, ஒட்டு!"

கிருமாம்பாக்கத்தில் ஒரு கல்யாணம், முதல்நாள் ராத்திரிப் பந்தி. மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் அமர்ந்து, கலோரியார் மடியிலிருந்து தராசை எடுத்து அப்பளத்தை வைத்தார். அவ்வளவுதான்.

"இன்னாய்யா இது! பொண்ணு போட்டிருக்கிற நகையை நிறுக்க ஆளைக் கூட்டியாந்தீங்களா?" என்று பெண்ணின் மாமா துண்டை உதறினார்.

"நகை இல்லைங்க, அப்பளம்!"

"இன்னிக்கு அப்பளம், நாளைக்கு அட்டிகையா?"

தாலி கட்டுவதே நின்றுபோகும்போல் இருந்தது. நானும் நாலு பேரும் குறுக்கே விழுந்து சமாதானம் செய்தோம். அந்தக் கலவரத்தில் கலோரியார் அப்பளத்தில் பாதியை நேர்மையாக ஒதுக்கிவைத்துவிட்டு, மூன்று டம்ளர் பாயசம் குடித்து முடித்திருந்தார்.

சித்திரை நெருங்கியது. ஆலையில் மறுபடி ஏறி உட்கார்ந்தார். அதே மூட்டைகளை அடுக்கினார்கள். அவர் தட்டு தரையைவிட்டு எழும்பவே இல்லை. மேலே ஓர் அச்சு வெல்லம் வைத்தார்கள். இன்னொன்று வைத்தார்கள். பிறகுதான் லேசாக அசைந்தது.

"தராசு கெட்டுப்போச்சு" என்றார்.

"ஐயா, காலையிலேர்ந்து இன்னா சாப்பிட்டீங்க?" என்றேன்.

"ஒரே இட்லி. நிறுத்துதான்."

"குடிச்சது?"

"குடிக்கிறதுல இன்னாப்பா இருக்குது? 'சாப்பிடுவதில்'னுதான் டாக்டர் சொன்னாரு. வெள்ளைக்காரரு வாயில வார்த்தை சும்மா வருமா? அவரே சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஒயின் குடிக்கிறவரு!"

"சரி, இன்னா குடிச்சீங்க?"

"காலையில காப்பி. பால்ல போட்டது. அப்புறம் வழியில ஒரு மொந்தை கள்ளு. இங்க வந்து கரும்புச்சாறு, ஒரு செம்பு..." குரல் இறங்கியது. "ரெண்டு செம்பு. சூடா பாகு குடுத்தாங்க, அது வழியுதேன்னு குடிச்சதா வச்சுக்கினேன். இட்லிக்கு ஊத்துன ரசத்துல கொஞ்சம் நெய். அதுவும் உருக்குன நெய்தான்..."

 தட்டிலிருந்து இறங்கவில்லை. அப்படியே வெல்ல மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு, "நான் செத்துடுவேனாப்பா?" என்று கேட்டார். ஆலையில் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்கள்.

அன்றோடு அவர் பருக்கையை எண்ணுவதை விட்டுவிட்டுச் செம்பை எண்ணத் தொடங்கினார். கள், சாறு, பாகு எல்லாம் நின்றன. நெய் பாதியானது. சோற்றைக் கரண்டியால் அளந்தால் போதும் என்றார். ஆனால் நக்கிப் பார்த்த ஊறுகாய்வரை கணக்கில் சேர்த்தார். ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால் அதையும் சேர்த்துக்கொண்டு, மறுநாள் மூஞ்சியைத் தொங்கப் போட்டபடி ஏரிக்கரையில் நடந்தார். வழக்கமாக உட்காரும் மதகைத் தாண்டி அவர் போனதைக் கண்டு, களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள், "எருமை தொலைஞ்சவன்தான் இப்படி நடப்பான், இவரு எதைத் தேடிப் போறாரு?" என்று பேசிக்கொண்டார்கள்.

சித்திரைக் கடைசியில் டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். உடம்பு கொஞ்சந்தான் குறைந்திருந்தது. ஆனால் மூச்சு சீராக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்காரர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்து விருந்து போட்டார் கலோரியார். மனைவியை உட்காரவைத்துவிட்டு அவரே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பரிமாறினார். தனக்கு ஒரு டம்ளர் மோர் மட்டும் வைத்துக்கொண்டார். என் இலையில் பாயசத்தை ஊற்றிவிட்டு எதிரிலேயே குந்தி, நான் ஒவ்வொரு வாயாக உண்பதைப் பார்த்து, "நல்லாகீதா? நல்லாகீதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று என் வயிறு எப்போதோ நிறைந்துவிட்டது. அவர் முகத்துக்காக இன்னொரு முறை இலையை நீட்டினேன்.