முதல் பக்கத்தைத் தாண்டாத சகாதேவன்

நூர் லாட்ஜ்,
செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.
12.11.2007

அன்பும் அடக்கமும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை ஆதவன் அவர்களின் சமூகத்துக்கு, மாமனார் கோதண்டராமன் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் கிருபையால் இங்கு நானும் உங்கள் மாமியார் ரேணுகாம்பாளும் க்ஷேமம். என் வலது முட்டி மட்டும் க்ஷேமமில்லை. தாங்களும் கவிநிலாவும் சம்பந்தி அவர்களும் சென்னையில் கொசுத்தொல்லை இன்றி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையால் எழுதினால் என் எழுத்து எனக்கே புரியாது. ஆகையால் ரிசப்ஷனில் இருக்கும் ஓவியா, உங்கள் கம்பெனி சாஃப்ட்வேரிலேயே தமிழில் தட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஓசியில் பார்க்கக் கொடுத்த காலம் இன்னும் முடியவில்லையே, வீணாக்குவானேன் என்று இதையும் அதிலேயே தட்டுகிறேன். நாளைக்கு அவள் அச்சு எடுத்துத் தருவாள்.

தலை தீபாவளிக்கு வந்திருந்தபோது, "என்ன மாமா, உங்க ஓனர் ஆர்டர் குடுத்துடுவாரா?" என்று தாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு அதிரசத்தை வாயில் போட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். சுகர் ஏறியதுதான் மிச்சம். இந்த ஆர்டர் வராவிட்டால் உங்கள் வேலைக்கே ஆபத்து என்று கவிநிலா அவள் அம்மாவிடம் அழுதிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் சொல்ல வாய் வராததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல்லேர்ந்து சொல்றேன். வருஷா வருஷம் தீபத்துக்கு முன்னாடி லாட்ஜுக்குப் புதுப் பசங்களைச் சேர்ப்போம். வேலூர், போளூர், ஆரணின்னு ஒவ்வொரு கிளைக்கும் நான் பஸ் ஏறிப் போய், கஸ்டமரை எப்படிக் கூப்பிடணும், சாவியை எப்படிக் குடுக்கணும்னு தொண்டை கிழியக் கத்திட்டு வருவேன். இந்த வருஷம் எங்க முதலாளி கவுஸ் பாஷா பாய், "கோதண்டம், உனக்கு முட்டி போச்சு. பாடத்தை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திடு, பசங்க அங்கங்கயே உக்காந்து படிக்கட்டும். பாடம் தயார் பண்ற சாஃப்ட்வேர் எது நல்லதுன்னு நீயே பாத்து சொல்லு"ன்னுட்டார். நானா! டிவி ரிமோட்லயே எனக்கு ரெண்டு பட்டன்தான் தெரியும். உங்களை வரச் சொன்னேன், நீங்களும் வந்து காட்டினீங்க. ஆனா நீங்க என் மாப்பிள்ளைன்னு பாய் கிட்ட நான் மூச்சு விடலை. சொந்தக்காரன் சரக்கைத் தள்ளிவிடறான்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாருங்க.

உங்களுக்கு முன்னாடி பெங்களூர்லேர்ந்து ஒருத்தன் டை கட்டிக்கிட்டு வந்தான். அவன் சாஃப்ட்வேர்ல படம் நகருது, பாட்டு வருது, ரூம் கதவு தானா தொறக்குது. பாய் வாயைப் பொளந்துட்டார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, சுடுதண்ணி அஞ்சு மணிக்குன்னு பாடத்துல போட்டுட்டோம், அப்புறம் ஆறு மணிக்கு மாத்திட்டோம்னா, பாடத்தை நாங்களே திருத்திக்கலாமா?" முடியாதாம். பெங்களூருக்கு எழுதிப் போட்டா அவங்க மூணு வாரத்துல திருத்தி அனுப்புவாங்களாம். அதுக்குள்ள தீபமே முடிஞ்சுடும். டீ குடுத்து அனுப்பிட்டோம். அப்புறம் ஓவியா இன்டர்நெட்லேர்ந்து ஓசியில ஒண்ணு இறக்கினா. ஓசின்னதும் பாய்க்கு முகமெல்லாம் பல்லு. ஆனா தமிழ்ல என்ன தட்டினாலும் கட்டம் கட்டமா நிக்குது. ஒரு பக்கம் பூரா தட்டிட்டுப் பாத்தா ஜன்னல் கடை மாதிரி இருக்கு.

கடைசியா உங்களுது. மாப்ளே, சத்தியமா சொல்றேன், உங்க சரக்குல ஒரு குறையும் இல்லை. தமிழ் வருது, நாமளே திருத்திக்கலாம், யாரு எந்தப் பக்கம் வரைக்கும் படிச்சான்னு ரிப்போர்ட் வேற குடுக்குது. அந்த ரிப்போர்ட்டுதான் நம்ம குடியைக் கெடுத்துது. நான் "விருந்தோம்பலின் விழுமியங்கள்"னு நாற்பது பக்கத்துக்குச் சுத்தத் தமிழ்ல ஒரு பாடம் எழுதி எல்லாக் கிளைக்கும் அனுப்பினேன். போளூர் ரெண்டாம் பக்கத்துல நின்னுபோச்சு. ஆரணி மூணாம் பக்கம். வேலூர் சகாதேவன் முதல் பக்கத்தையே தாண்டலை. இந்த சகாதேவன் தூங்கறதுக்குன்னே சம்பளம் வாங்கற ஆளு. கஸ்டமர் வந்து கதவைத் தட்டினா உள்ளேர்ந்தே "ரூம் இல்ல"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவான். போன் போட்டு என்னடான்னு கேட்டா, "படிச்சதும் நல்லாத் தூக்கம் வந்துது சார், அருமையான பாடம்"ங்கறான்! பாய் மட்டும் என்னவாம்? "முழுசாப் படிச்சேன் கோதண்டம், பிரமாதம்"னார். ரிப்போர்ட்ல பாத்தா அஞ்சாம் பக்கத்தோட சரி. முதலாளியாச்சே, என்னத்தைச் சொல்றது.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமையே பாய் கூப்பிட்டுச் சொல்லிட்டார். "யாரும் படிக்காத பாடத்துக்கு சாஃப்ட்வேர் எதுக்கு? எதுவும் வேணாம். நீ பழையபடி பஸ் ஏறிப் போய்க் கத்திட்டு வந்துடு." உங்க ஆர்டரும் போச்சு, என் முட்டியும் போச்சு. வீட்டுல சொன்னேன். "பொண்ணைக் குடுத்த எடத்துல இல்லைன்னு சொல்ல உங்களுக்கு எப்படிங்க மனசு வருது?"ன்னு உங்க மாமியார் முகத்தைத் திருப்பிக்கிட்டா. அன்னையிலேர்ந்து ரசத்துல உப்பு இல்லை.

மாப்ளே, கோவிச்சுக்காதீங்க. உங்களை எனக்கு ரொம்பப் புடிக்கும். பொண்ணு பாக்க வந்தப்ப, எல்லாரும் ஒரு பஜ்ஜியோட கை கழுவினாங்க, நீங்க கூச்சப்படாம தட்டைக் காலி பண்ணீங்க. அப்பவே இந்தப் புள்ளைதான்னு முடிவு பண்ணிட்டேன். ஆர்டர் இல்லேன்னு தீபத்துக்கு வராம இருந்துடாதீங்க. மொட்டை மாடியில மலையைப் பாத்தாப்பல, வெள்ளைக்காரங்களுக்கு வாடகைக்கு விடற முன்வரிசையில, பாய்க்குத் தெரியாம உங்க குடும்பத்துக்கு நாலு நாற்காலி ஒதுக்கி வச்சிருக்கேன்.

தங்களுக்கும் கவிநிலாவுக்கும் எங்கள் பரிபூரண ஆசீர்வாதம். சம்பந்தி அவர்களுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும். எழுதி முடித்ததும் பச்சைப் பட்டனை அழுத்தச் சொன்னாளா, நீலப் பட்டனையா என்பது மறந்துவிட்டது. ஓவியாவும் வீட்டுக்குப் போய்விட்டாள். பச்சை மங்களகரம். அழுத்திவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மனம் கோணாமல் நடக்க விரும்பும் மாமனார்,
கோதண்டராமன்

பி.கு. இது கையால எழுதறது, எப்படியாவது படிச்சுக்குங்க. மேலே சொன்னதை எல்லாம் மறந்துடுங்க மாப்ளே! நீலம்தான் பத்திரப்படுத்தறதாம். பச்சை, பாடத்தை எல்லாக் கிளைக்கும் அனுப்பறதாம். காலையில வந்தா ஓவியா தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ரிப்போர்ட்டைப் பாத்தா போளூர் கடைசிப் பக்கம், ஆரணி கடைசிப் பக்கம். சகாதேவன் கடைசி வரைக்கும் படிச்சுட்டு மறுபடியும் முதல்லேர்ந்து படிச்சிருக்கான். அதுக்குள்ள அவன்கிட்டேர்ந்து போன். "தூங்கறதுக்குன்னே சம்பளமா சார்? சரி, அதை விடுங்க, உங்க மாப்ள என்ன சொன்னாரு?"

வேலை போச்சுடா சாமின்னு நெனச்சுக்கிட்டு இருக்கறப்ப பாய் வந்து எதிர்ல உக்காந்தார். "அஞ்சாம் பக்கத்தோட நிறுத்திட்டேன், ஒத்துக்கறேன். ஆனா இதை முழுசாப் படிச்சேன், வேணும்னா ரிப்போர்ட்டைப் பாத்துக்கோ. மாப்பிள்ளைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னய்யா? அவங்க சாஃப்ட்வேரே இருக்கட்டும். இனிமே பாடத்தை எல்லாம் உன் மாப்பிள்ளைக்கு எழுதறாப்பலயே எழுது. அப்புறம், அந்த முன்வரிசையில எனக்கும் ஒரு நாற்காலி போடு"ன்னுட்டுப் போறார். ஆர்டரை இதோட வச்சிருக்கேன். ரசத்துல உப்பு வந்துடுச்சு. கோவம் இல்லைன்னு உடனே ரெண்டு வரி பதில் போடுங்க. எனக்காக இல்லேன்னாலும் பசங்களுக்காகவாவது போடுங்க. மூணு கிளையிலயும் வேலையைப் போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க.