புறம்பணையின் கதவுப் பாலம்

மாசிலாமணி என்பது அவர் பெயர். நாள்தோறும் காலையில் குளித்து, ஈர வேட்டியைக் கொடியில் உலர்த்திய பின், ஒரு கையில் நனைத்த துணியும் மறு கையில் சுண்ணக்கட்டியுமாகத் தெருமுனைக்குச் செல்வது அவர் வழக்கம். அங்கே ஒரு புங்கமரத்தின் கீழ்க் கரும்பலகை ஒன்று நடப்பட்டிருந்தது. முந்தைய நாட்செய்திகளைத் துடைத்துவிட்டு அன்றைய செய்திகளை அதில் எழுதுவார். குடிநீர் எப்போது வரும், யார் வீட்டுக் கன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிற்று, எந்த வீட்டில் வளைகாப்பு, எந்தத் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது என்பனவே அவர் எழுதும் செய்திகள். நூல் பிடித்துக் கோடு போட்டுத்தான் எழுதுவார். எழுதி முடித்ததும் சற்றே பின்வாங்கி நின்று ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார். பிழையில்லையெனில் வீட்டுக்குப் போய்க் காப்பி அருந்துவார். பிழையிருந்தால் அன்றைக்குக் காப்பி ஆறிப்போகும்.

அவர் வாழ்ந்த புறம்பணை, செம்மாந்தபுரம் என்னும் தலைநகரை ஒட்டிய குடியிருப்பு. நகரத்துக்கும் புறம்பணைக்கும் நடுவே ஓர் ஓடை. ஓடையின்மேல் ஒரு கற்பாலம். சந்தை, பள்ளி, மருத்துவமனை யாவும் பாலத்துக்கு அப்பால் இருந்தன. குப்பைமேடு மட்டும் இப்பால் இருந்தது.

அந்நாட்டில் அரசர் பரம்பரை வழியாக வருபவர் அல்லர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்களே அவரைத் தேர்ந்தெடுப்பர். தேர்ந்தெடுத்தபின், பரம்பரை அரசரே என்று எண்ணி அஞ்சுவர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட மகிழ்கோ மன்னர் அரியணை ஏறிய ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தார். தம் ஆட்சியில் குறை என ஒன்று இல்லையாதலால், இனி எவரும் குறை கூறலாகாது. நன்றி மட்டுமே கூறலாம் என்பது அவ்வாணை. குறைதீர் அலுவலகத்துக்கு நன்றி ஏற்பு அலுவலகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. கட்டடம் மாறவில்லை, நாற்காலிகள் மாறவில்லை, நாற்காலியில் உறங்கியவரும் மாறவில்லை.

புறம்பணைக்கு நன்றி ஏற்பு அதிகாரியாகப் புவனபூஷணர் நியமிக்கப்பட்டார். வெயிலில்லாத நாளிலும் குடை பிடிக்க ஓர் ஏவலருடன் வரும் பெருமையுடையவர் அவர். கரும்பலகையின் முன் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குடிமக்களே! முந்தைய மன்னர்கள் உங்களை நன்றி சொல்லவே விட்டதில்லை. குறை, குறை என்று புலம்ப வைத்தே கெடுத்துவிட்டார்கள். நம் மன்னரோ உங்களுக்கு நன்றி கூறும் உரிமையை வழங்கியிருக்கிறார். அதற்காக முதலில் ஒரு நன்றி கூறுங்கள்!"

மக்கள் கூறினர்.

அவர் சென்றபின், அப்பளம் இட்டு விற்கும் பட்டம்மாள் கேட்டாள்: "ஏண்ணே, நம்ம தெருவுல பாதி விளக்கு எரியலயே, அதை எப்படிச் சொல்றதாம்?"

"நன்றியாவே சொல்லிப் பார்ப்போம்மா. படிக்கிறவங்களுக்குப் புரியாமலா போகும்?" என்றார் மாசிலாமணி.

நெடுநேரம் சிந்தித்து, நூல் பிடித்து, அவர் பலகையில் எழுதினார்: "எம் தெருவில் விண்மீன்களைக் காணும் வாய்ப்பை அளித்த மன்னருக்கு நன்றி." எதிர்வீட்டு இரத்தினசபாபதி அதைப் படித்துவிட்டு, யாரிடமும் அல்லாததுபோல் புங்கமரத்தைப் பார்த்து, "ம்க்கும்" என்றார். மாசிலாமணியின் வீட்டு முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சிகள் தெருவைக் கடந்து சுவரேறித் தம் வீட்டுக்கு வருகின்றன என்ற வழக்கில் அவ்விருவருக்கும் பேச்சு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அரண்மனைக்கு அந்த நன்றி புரிந்தது. மிக நன்றாகவே புரிந்தது. மக்கள் விண்மீன்களை விரும்புகின்றனர் என அறிந்த அமைச்சரவை, எரிந்துகொண்டிருந்த மீதி விளக்குகளையும் கழற்றிச் சென்றது.

சொற்களில்தான் பிழை என்று மாசிலாமணி கருதினார். அடுத்த முறை குப்பைமேட்டைப் பற்றி இன்னும் நுட்பமாக எழுதினார்: "காகங்களுக்கும் நாய்களுக்கும் குறைவின்றி உணவளிக்கும் மன்னருக்கு நன்றி." மன்னர் மனம் நெகிழ்ந்தார் என்று செய்தி வந்தது. பின்னர் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளின் குப்பையும் வண்டி வண்டியாக வந்து சேர்ந்தது.

"அண்ணே, நீங்க நல்லாத்தான் எழுதுறீங்க. அதான் பயமா இருக்கு" என்றாள் பட்டம்மாள்.

சில நாள் எதுவும் எழுதாமல் இருந்து பார்த்தனர். நன்றி வராத தெருவுக்குக் குடிநீர் வராது என்று புதிய ஆணை வந்தது. ஆகவே மீண்டும் எழுதினர். எதற்கு நன்றி கூறினார்களோ அது நிலைபெற்றது; பெருகியது. அதுவே அந்நாட்டின் சட்டமாயிற்று.

மன்னரின் ஐந்தாம் ஆண்டில், ஐப்பசி மழையின் தொடக்கத்தில் கற்பாலம் நடுவில் இடிந்து ஓடையில் விழுந்தது. கால்வலுவுள்ளோர் கற்களின்மேல் தாவித் தாவிக் கடந்தனர். வண்டி எதுவும் இக்கரைக்கு வரவில்லை. மாசிலாமணியின் மகள் திலகவதி தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்த மாதம் அது. மனைவி குமுதவல்லி நாள்தோறும் வாசலில் நின்று ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"உங்க எழுத்தாலதான் ஒரு வழி பண்ணணும். விளக்கு போகட்டும், குப்பை கிடக்கட்டும். இது நம்ம பொண்ணு" என்றாள்.

இடிந்ததைப் பற்றி எழுதினால் இடிந்ததே நிலைக்கும் என்பதை மாசிலாமணி இப்போது அறிந்திருந்தார். ஆதலின், இடிவதற்கு முன்பிருந்த பாலத்துக்கு நன்றி கூறினார்: "எம் முன்னோர் காலந்தொட்டு எம்மைச் சுமந்த கற்பாலத்துக்காக மன்னருக்கு நன்றி." இதைவிடக் கவனமாக ஒரு வாக்கியத்தை அவர் தம் வாழ்நாளில் எழுதியதில்லை.

புவனபூஷணர் குடையுடன் வந்தார். "அரண்மனையே உருகிவிட்டது ஐயா! நீங்கள் இவ்வளவு நேசிக்கும் பாலத்தைச் சும்மா விடலாமா? இன்று முதல் இது நாட்டின் நினைவுச் சின்னம். எந்தக் கல் எங்கே விழுந்ததோ அங்கேயே இருக்க வேண்டும். தொட்டால் சிறை."

"ஐயா, என் பொண்ணுக்கு நாள் நெருங்குதுங்க. வண்டி வரணுமே..."

"சின்னத்தின் வழியே வண்டி விடுவதா? நன்றாகக் கேட்டீர்!" என்று சிரித்த அதிகாரி, ஓடைக்கரையில் ஒரு காவலரை நிறுத்திவிட்டுப் போனார். காவலர் பெயர் சங்கிலி. அவர் வீடும் புறம்பணையில்தான்.

கார்த்திகையில், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு நண்பகலில், திலகவதிக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே திரும்பியிருக்கிறது, மருத்துவமனைக்குப் போயே தீரவேண்டும் என்றாள். செய்தி அக்கரைக்குக் கத்தியே சொல்லப்பட்டது. மருத்துவமனை வண்டி விரைவில் வந்து, அக்கரையிலேயே நின்றது. இக்கரையில் குமுதவல்லியும் பட்டம்மாளும் திலகவதியைக் கட்டிலோடு தூக்கிவந்து வைத்திருந்தனர். ஓடை நிறைந்து கற்களை மூடிப் பாய்ந்தது. மாசிலாமணி நனைத்த துணியைக் கையில் பிழிந்துகொண்டே நின்றார். அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அப்போது தெருவிலிருந்து ஒரு கதவு நடந்து வந்தது. அதன் கீழே இரத்தினசபாபதி இருந்தார்.

தேக்கில் தாமரை செதுக்கிய அந்த வாசற்கதவைப் புறம்பணையில் அறியாதவர் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவரே தம் கையால் அதற்கு எண்ணெய் பூசுவார். பிள்ளைகள் தொட்டால் ஏசுவார். அதைக் கீலோடு பெயர்த்துத் தலையில் சுமந்து வந்திருந்தார்.

"என்னய்யா மரமாட்டம் நிக்கிற? ஒரு முனையப் பிடி!" என்றார். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் மாசிலாமணியிடம் பேசிய முதற்சொற்கள் அவை.

"சபாபதி... உன் கதவு..."

"கதவுதான். கம்பளிப்பூச்சி வர்றதுக்கு அது ஒண்ணுதான் தடையா இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு. பிடிய்யா!"

அதைக் கண்டோர் தத்தம் வீடுகளுக்கு ஓடினர். பட்டம்மாளின் பலகைக் கதவு வந்தது. கொல்லர் ஏகாம்பரத்தின் பட்டறைக் கதவு, இரும்புப் பட்டைகளோடு வந்தது. கழிப்பறைக் கதவைத் தூக்கி வந்த ஒருவர், வெட்கத்தோடு அதை எல்லாவற்றுக்கும் அடியில் வைக்கச் சொன்னார். நெஞ்சளவு நீரில் இறங்கியவர்கள் மூங்கில் ஊன்றினர். கரையில் நின்றவர்கள் கதவுகளைச் சேர்த்துக் கயிற்றால் பிணைத்தனர்.

காவலர் சங்கிலி ஈட்டியோடு ஓடி வந்தார். "ஏய், ஏய்! பாலத்தைத் தொடக்கூடாது!"

"பாலத்தை யாருப்பா தொட்டா? அது பாட்டுக்கு அங்க கிடக்கு. இது கதவு" என்றாள் பட்டம்மாள்.

சங்கிலி சின்னத்தைப் பார்த்தார். கதவுகளைப் பார்த்தார். கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்த திலகவதியைப் பார்த்தார். "கதவைப் பத்தி ஆணையில ஒண்ணும் இல்ல" என்று கூறி, ஈட்டியை இரு கதவுகளுக்கிடையே முட்டுக்கொடுத்துவிட்டு, கட்டிலின் ஒரு காலைத் தம் தோளில் ஏந்தினார்.

திலகவதி கதவுகளின்மேல் ஓடையைக் கடந்தாள். அந்தி சாயுமுன் பெண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

மறுநாள் மாசிலாமணி பலகைக்குப் போகவில்லை. ஒரு தூக்கு நிறையக் கற்கண்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கதவைத் தட்ட வேண்டிய தேவை எந்த வீட்டிலும் இல்லை. எல்லா வாசலும் திறந்தே கிடந்தது. பட்டம்மாள், "எனக்கு எதுக்குண்ணே நன்றி, புள்ளைய எப்ப காட்டப் போறீங்க?" என்றாள். ஏகாம்பரம் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு அழுதுவிட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை. சங்கிலி, பணியில் இருக்கும்போது வாங்கலாகாது என்று கூறி, வாயைத் திறந்து காட்டினார்.

இறுதியாக இரத்தினசபாபதியின் வீடு. வாசலில் ஒரு பழம்புடவை திரைச்சீலையாகத் தொங்கியது.

"சபாபதி, என்ன சொல்றதுன்னு தெரியல..."

"தெரியலன்னா விடு. நீ சொல்லி நிலைச்சதெல்லாம் போதும்" என்றவர், கற்கண்டை இரு முறை எடுத்துக்கொண்டார். பிறகு குரல் தாழ்த்திக் கேட்டார்: "கதவு ஊறிடுமாய்யா? தாமரை உப்பிடுச்சின்னா பழையபடி ஆகாது. மழை விட்டதும் எடுத்துடலாமில்ல?"

"எடுத்துடலாம். கல்லுப் பாலத்தைக் கட்ட வச்சிட்டு எடுத்துடலாம்."

ஆனால் செய்தி அரண்மனையை எட்டிவிட்டது. தேர்தலும் அண்மையில் இருந்தது. அடுத்த நாட்காலையில் புவனபூஷணர் முரசுடன் வந்தார், குடைகள் இரண்டாகியிருந்தன.

"புறம்பணையீர்! மகிழ்கோ மன்னரின் கதவுப் பாலத் திட்டம் இங்கே மாபெரும் வெற்றி பெற்றிருக்கிறது! ஒரு செங்கல்லும் இல்லாமல், ஒரு கொத்தரும் இல்லாமல் பாலம் கண்ட மன்னர் உலகில் வேறு எவர் உளர்? நாடெங்கும் இனி இவ்வாறே பாலங்கள் அமையும். ஒவ்வொரு வீடும் ஒரு கதவு!" கைதட்டல் எழும் என்று சற்று நிறுத்தினார். பின்னர் மாசிலாமணியின் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள் பாக்கியவான். முதற் பயனாளி உங்கள் பேத்தி. அவளுக்கு மகிழ்மகள் என்று பெயரிட மன்னர் இசைந்துள்ளார். பலகையில் ஒரு நன்றி எழுதிவிடுங்கள். உங்கள் கையெழுத்தில் இருந்தால்தான் அழகு."

எழுதினால் என்ன நிகழும் என்பதை அங்கிருந்த எல்லோரும் அறிவர். நன்றி கூறப்பட்டது நிலைபெறும். கதவுகள் ஓடையில் கிடந்து அழுகும்வரை சின்னமாக இருக்கும், வீடுகள் வாயிலடைப்பின்றிக் கிடக்கும், கற்பாலம் வாராது. அடுத்த பெருவெள்ளத்தில் வேறொருவர் மகள் கரையில் கிடப்பாள். எழுதாவிட்டால் என்ன நிகழும் என்பதையும் அறிவர். இரத்தினசபாபதி புங்கமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இம்முறை "ம்க்கும்" என்று சொல்லவில்லை.

மாசிலாமணி நனைத்த துணியால் பலகையைத் துடைத்தார். நூலைப் பிடித்தார், மறுமுனையைச் சங்கிலி வந்து பிடித்துக்கொண்டார். கோடு நேராக விழுந்தது.

"எழுதுங்கள், எழுதுங்கள். உங்களுக்கு நன்றியுணர்வு உண்டுதானே?" என்றார் புவனபூஷணர்.

"நெறைய இருந்துதுங்க" என்றார் மாசிலாமணி. "இந்த வயசுல இவ்வளவு இருக்கும்னு நானே நினைக்கல. நேத்து வீடு வீடாப் போய், யார் யாருக்குச் சேரணுமோ அவங்களுக்கெல்லாம் கொடுத்துட்டேன். ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. இப்ப என்கிட்ட இருக்கிறது குறை ஒண்ணுதான். பாலம் இடிஞ்சு கிடக்குங்க. அதைத்தான் எழுதப் போறேன்."