ஹக்கீமின் சிவப்புப் பேசின்

சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் ஒரு வாடகை வீடு. மூன்று வாரமாக ஆஸ்பத்திரியைவிட அங்கேதான் சனம். வாசலில் இஞ்சிப் பிளேன்டீ வியாபாரம் கூடத் தொடங்கியாயிற்று. உள்ளே இருப்பவர் ஹக்கீம் பக்கீர் முகைதீன். எங்கே வைத்தியம் படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளை ஜுப்பா, அதற்குமேல் ஸ்டெதஸ்கோப். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் சான்றிதழ் எதற்கு?

அவர் தீர்த்து வைப்பது தலசீமியாவை. நல்ல ரத்தத்தை உடம்பு தானே செய்துகொள்ள முடியாத பிறவி நோய் அது. மாதாமாதம் அடுத்தவர் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு சேரும், அதை இறக்க வேறு மருந்து வேண்டும். ஹக்கீமுக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. ஒரு பேசினில் கடல் தண்ணீர், அதற்குள் இரண்டு கம்பிகள், கம்பியிலிருந்து வயர், வயரின் முனையில் பச்சை லைட் எரியும் பெட்டி. பிள்ளையின் காலைத் தண்ணீரில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சிவந்துவிடும்.

"இரும்பு பாதத்தால இறங்குது," என்பார் ஹக்கீம்.

"சுப்ஹானல்லாஹ்," என்பார்கள் சனங்கள். வெளிநாட்டில் மரபணுவைத் திருத்தி இந்த நோயைக் குணமாக்கப் பார்க்கிறார்கள் என்ற செய்தியையும் ஹக்கீம் போனில் காட்டுவார். "அவங்க இன்னும் தேடுறாங்க. நான் கண்டு முடிச்சிட்டன்."

மீன்பிடி வள்ளத்தில் போகும் றஸாக்குக்கு ஹக்கீம் சொன்ன இன்னொரு வார்த்தைதான் தேனாக இனித்தது. அவனுடைய மகள் அப்னாவுக்கு ஏழு வயது. றஸாக்கின் மனைவி பஸ்மிலா அவனுடைய சொந்த மாமி மகள். இருவரிடமும் மறைந்திருந்த குறை ஒன்றுசேர்ந்துதான் பிள்ளைக்கு வந்தது என்று கிளினிக்கில் டொக்டர் விளக்கியபோது, "எங்கட குடும்ப ரத்தத்தில பழுதா?" என்று கோபித்து எழும்பி வந்தவன் அவன். ஹக்கீமோ, "இது வாப்பா உம்மாட்ட இருந்து வாற நோய் வருத்தமில்ல, கண்ணூறு பட்டது" என்றார். அத்தோடு ரத்தம் ஏற்றும் தவணை ஒன்று தவறிப்போனது. அப்னா வெளுத்தாள். நாலடி நடந்தாலே மூச்சு வாங்கினாள்.

"மச்சான், புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்," என்றாள் பஸ்மிலா.

"ஊசி குத்திக் குத்திப் புள்ளைட கை ரணமாப் போச்சு. ஹக்கீம் இன்னும் ரெண்டு தரம் இறக்கினாச் சரியாம்."

"இரிக்கிற ரத்தமே காணாது. இதுல எதை இறக்குற?"

பஸ்மிலா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு றஸாக்கோடு ஹக்கீம் வீட்டுக்கே போனாள். முறை வந்ததும் ஹக்கீம் புதுத் தண்ணீர் ஊற்றி, "காலை வையுங்க மகள்," என்றார். பஸ்மிலா வாசலுக்குப் போய் ஒரு சோடி றப்பர் செருப்பைத் தூக்கி வந்து பேசினுக்குள் போட்டாள். ஹக்கீமின் சொந்தச் செருப்பு.

"என்ன புள்ள இது?" என்றார் அவர்.

"முதல்ல இதுக்கு இறக்குங்க ஹக்கீம்."

சொல்லிக்கொண்டே பெட்டியின் சுவிட்சைத் தானே போட்டாள். பச்சை லைட் எரிந்தது. சனம் எட்டிப் பார்த்தது. தண்ணீர் மஞ்சளாகி, பிறகு சிவந்தது.

"செருப்புக்கும் தலசீமியா போல," என்றார் பின்னால் நின்ற வள்ளச் சொந்தக்காரர் அபூசாலி.

"அதில என்ட வேர்வை பட்டிருக்கும்," என்றார் ஹக்கீம். வேர்வை அப்போது அவர் நெற்றியில்தான் இருந்தது.

"ஓம், அப்படியும் இரிக்கலாம்," என்றாள் பஸ்மிலா. செருப்பை எடுத்தாள், பேசினைக் கழுவி வேறு தண்ணீர் ஊற்றினாள், உள்ளே எதையும் போடவில்லை. காலே இல்லாத தண்ணீர் ஹக்கீமைப் பார்த்துச் சிவந்தது. அபூசாலி கம்பியை உருவி விரலால் தேய்த்தார்.

"இது என்ட நங்கூரத்தில தினமும் நான் சுரண்டுற துருவெல்லோ. உப்புத் தண்ணியில கரண்ட் விட்டா இரும்பு கரையாம என்ன செய்யும்?"

கூட்டத்தில் பாதிப்பேர் கடல் தொழிலாளிகள். நங்கூரத்தில் கண்டால் துரு, பேசினில் கண்டால் கராமத்து, அற்புதம். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் ஹக்கீம் பின்வாசலால் மறைந்தார், வெறுங்காலோடு.

றஸாக் பிள்ளையை வாங்கிக்கொண்டு த்ரீவீலுக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் சொட்டுச் சொட்டாக ஏறியது. பின்னேரம் அப்னா கண் விழித்து, "பசிக்கிது வாப்பா," என்றாள். றஸாக் அழுதுவிட்டான்.

"புது மருந்து ஒரு நாளைக்கு வரும் மச்சான்," என்றாள் பஸ்மிலா. "அது வரக்குள்ள நம்மட புள்ள உசிரோட இரிக்கோணும்."

அப்போது அவனுடைய அக்கா, சரீபா ராத்தா, போன் பண்ணினாள். அவர்களுடைய தம்பி இன்பாஸுக்கு மாமாவின் மகளைப் பேசி முடிக்கப் போகிறார்களாம்.

"ரெண்டு பேருக்கும் முதல்ல ரத்தம் பாருங்க," என்றான் றஸாக்.

"சீ, வெக்கமில்லாமக் கதைக்காத. பொண்ணு வீட்டில என்ன நினைப்பாங்க? நாளைக்கு வீடு பாக்கப் போறம், நீயும் வா."

எங்கள் ஊரில் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கிற வீட்டை மாப்பிள்ளை வீட்டார் சும்மா ஒப்புக்கொள்வதில்லை. சுவரைத் தட்டுவார்கள், கிணற்றைக் குனிந்து பார்ப்பார்கள், குளியலறை மார்பிளைக் காலால் தேய்ப்பார்கள். அதற்கெல்லாம் வெட்கமில்லை. அந்த வீட்டில் பிறக்கப்போகிற பிள்ளைக்காக ஒரு சொட்டு ரத்தம் பார்க்கத்தான் வெட்கம்.